16 கிலோ பையோடு மலையேறப் போகும் தம்பிக்கு

கேள்வி இதுதான். ஊர் பதுளைப் பக்கம், வேலை கொழும்பில், இப்படியொரு தம்பி. ஜனவரி கடைசியில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் வழியே போகும் பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதையில் கொட்டகலையிலிருந்து எல்ல வரை 10 நாள் நடக்கப் போகிறார். அவருடைய எடை 58 கிலோ. கட்டி முடித்த பை 16 கிலோ. வலது முழங்கால் ஏற்கெனவே கொஞ்சம் தகராறு. விலை கூடிய வெளிநாட்டுச் சாமான் எதுவும் வாங்காமல் பையை 10 கிலோவுக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் எடையோடு எழுதியிருக்கிறார்.

முடியும் தம்பி. 10 என்ன, 6 கிலோவுக்கே இறக்கலாம்.

உங்கள் கணக்கைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். வெறும் பை 2.2 கிலோ, கூடாரம் 2.6, உறங்கும் பை 1.6, கீழே விரிக்கும் மெத்து 400 கிராம், அடுப்பும் கேஸும் சட்டியும் 1.2, உடுப்பு 3 கிலோ, சாப்பாட்டுச் சாமான் ஒன்றரை, தண்ணீர் 2, மற்றச் சில்லறை ஒன்றரை. சரியாக 16. சாமானை எடை போட்டுப் பார்த்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. பலர் கையால் தூக்கிப் பார்த்து "பாரமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய், முதல் ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்தப் பட்டியல் வேறு நாட்டு நடைக்குக் கட்டியது. நான்கைந்து நாள் மனுசரையே காணாத காட்டுக்குள் போகிறவர் கட்டும் பை இது. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் அப்படித்தான், அவர்கள் ஊருக்கு அது சரி. நம்முடைய பாதை அப்படியில்லை. பீக்கோ ட்ரெயில் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ஏறக்குறைய 300 கிலோமீற்றர், 22 கட்டம். ஒரு கட்டத்துக்குச் சராசரி 14 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரத் தோட்டத்துத் துரைமார் குதிரையிலும் வண்டியிலும் போன பழைய தோட்டத்து வீதிகள்தான் அதில் பெரும்பகுதி. வீதி இருந்தால் லயம், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், இருக்கும்; லயம் இருந்தால் கடை இருக்கும். அதனால் கொட்டகலையிலிருந்து எல்ல வரைக்குமாகச் சாமான் கட்டாதீர்கள். ஒரு கடையிலிருந்து அடுத்த கடை வரை போக என்ன வேண்டுமோ, அதைக் கட்டுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகிறது.

முதலில் என் கதை ஒன்று. நான் முதன்முதலாக நோர்வூட் பக்கம் பை மாட்டிக்கொண்டு நடந்தபோது 17 கிலோ. உங்களைவிட ஒரு கிலோ கூட. ஒரு மலை ஏறி முடித்து, ரோட்டோரக் கல்லில் பையைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கொழுந்து நிறுக்க வந்து நின்ற அம்மா ஒருவர் என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, வீட்டக் காலி பண்ணிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களெல்லாம் ஒரே சிரிப்பு. எனக்கு வெட்கம். அவர் தன் கூடையைக் காட்டினார். கயிறு நெற்றிக்கு மேலே, தலையில் மடித்துப் போட்ட துணியில் உட்கார்ந்திருந்தது. கூடை முதுகோடு ஒட்டி நின்றது. "பாரம் முதுக விட்டுத் தள்ளி நின்னா பின்னால இழுக்கும். ஒட்டி இருக்கணும்." பல தோட்டங்களில் ஒரு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போட 18 கிலோ கொழுந்து கொண்டுவர வேண்டும். ஆனால் அது நாள் முழுக்கச் சேர்கிற பாரம். இடையில் எடை போட்டு இறக்கிவிடுவார்கள். நானோ என் 17 கிலோவைக் காலை ஏழு மணியிலிருந்து இறக்காமல் சுமந்துகொண்டிருந்தேன், அதுவும் விருப்பப்பட்டு.

அந்த அம்மா சொன்னதைத்தான் இப்போதும் செய்கிறேன். பாரமான சாமான் முதுகுப் பக்கமாக, நடு உயரத்தில். மெத்தென்றது கீழே. மழைக்கானது மேலே, கைக்கு எட்டுகிற மாதிரி. தண்ணீர்ப் போத்தலை வெளியே ஆடவிட்டால் அரைக் கிலோ ஒரு கிலோ போல இழுக்கும்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

கூடாரம், மெத்து, அடுப்பு, கேஸ், சட்டி எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள். இதிலேயே 4.2 கிலோ போய்விட்டது. தேயிலை நிலமெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள். விட்டாலும் அட்டையும் காட்டுப்பன்றியும் சும்மா விடாது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைக்குள் சிறுத்தையும் நடமாடும். ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது. நீங்கள் போகும் பாதையில் தங்க வீடுகள், சின்னச் சின்ன விடுதிகள் உண்டு. முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாரம் குறைத்து நடக்கிறவர்களில் சிலரிடம் ஒரு கெட்ட பழக்கத்தைப் பார்க்கிறேன். சாப்பாடும் கொண்டுவருவதில்லை, போர்வையும் கொண்டுவருவதில்லை, லயத்து வீட்டில் போய் "ஏதாவது இருக்கா" என்று நிற்பார்கள். எங்கள் ஆட்கள் இல்லையென்று சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு வைத்த ரொட்டியை எடுத்துத் தந்துவிட்டுப் "பரவாயில்ல சாப்பிடுங்க" என்பார்கள். பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் உங்களுக்கு இடம் ஒதுக்குவார்கள். உங்கள் முதுகிலிருந்து இறக்கிய பாரத்தை அவர்கள் அடுப்படியில் கொண்டுபோய் வைப்பதற்குப் பெயர் பாரம் குறைப்பது இல்லை. சாப்பிட்டால் காசு கொடுங்கள். வாங்க மறுத்தால் வீட்டுப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு வாருங்கள். சில்லறை நோட்டுகள் எடையே இல்லாத சாமான். அதைக் கூடவே கட்டுங்கள்.

உறங்கும் பை 1.6 கிலோ. தங்குமிடங்களில் கம்பளி தருவார்கள். அது துவைத்து எத்தனை நாள் ஆனது என்பதுதான் சந்தேகம். அதற்கு, இடுப்பில் கட்டும் மெல்லிய சாரம் (கைலி) இரண்டை மூன்று பக்கமும் சேர்த்துத் தைத்து ஒரு பையாக்கிக்கொள்ளுங்கள். 400 கிராமுக்கு மேல் போகாது. அதற்குள் நுழைந்துகொண்டு மேலே அவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம். ஆனால் குளிரைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவிலும் ஹோர்டன் சமவெளியிலும் விடியற்காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். டயகமையில், ஒஹியவில் தங்கும் இரவுகளுக்கு ஒரு சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் கட்டாயம். தொப்பி 60 கிராம்தான், ஆனால் ஒரு போர்வை அளவுக்கு வேலை செய்யும்.

உடுப்பில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். உங்கள் பட்டியலில் ஐந்து சேட், இரண்டு டெனிம், ஒரு பெரிய துருக்கித் துவாய். தம்பி, டெனிமை விட்டுவிடுங்கள். காய்ந்திருக்கும்போதே முக்கால் கிலோ. நனைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நனைந்த டெனிம் நுவரெலியாப் பனிமூட்டத்தில் மூன்று நாளானாலும் காயாது. அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகை வாசத்தோடு ஈரமாகவே திரும்பப் போட்டுக்கொண்டு போன அனுபவம் எனக்கு உண்டு. பருத்தி எதுவுமே இந்தப் பாதைக்கு உதவாது, சாரத்தைத் தவிர. நடக்க ஒரு செட், படுக்க ஒரு செட். அவ்வளவுதான். நடக்கிற செட்டை மாலையில் அலசிப் போட்டு, காயாவிட்டாலும் காலையில் அதையே போடுங்கள். பத்து நிமிடம் நடந்தால் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும். படுக்கிற செட் மட்டும் எக்காரணம் கொண்டும் நனையக் கூடாது. பகலில் குளிர்கிறது என்று அதை எடுத்துப் போட்டால் இரவில் மாட்டிக்கொள்வீர்கள்.

சேட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஊர் விளையாட்டுக் கழகத்து ஜேர்சி எல்லோர் வீட்டிலும் ஒன்று கிடக்கும். 150 கிராம், அரை மணித்தியாலத்தில் காயும். பின்னால் உங்கள் பெயரும் இலக்கமும் இருந்தால் இன்னும் நல்லது, தோட்டத்துப் பொடியன்கள் உடனே சிநேகமாகிவிடுவார்கள்.

துவாய்க்குப் பதில் சாரம். சாரத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். பீலித் தண்ணீரில் குளிக்கும்போது கட்டிக்கொள்ளலாம், துடைத்துக்கொள்ளலாம், பஸ்ஸில் போர்த்திக்கொள்ளலாம், கோயிலுக்குள் போகக் கட்டிக்கொள்ளலாம், காலைச் சுளுக்கினால் கிழித்துக் கட்டலாம். ஒரே ஒரு 250 கிராம் துணி. பெண்கள் நடக்கும்போது இதே வேலைக்குக் குளிக்கிற சீத்தைத் துணி எடுத்து வருவார்கள், அதுவும் அதே எடைதான். செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும் பாதயாத்திரைச் சாமிமாரின் மூட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? மாற்று வேட்டி, ஒரு போர்வை, ஒரு செம்பு, திருநீற்றுப் பை. எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் மூட்டை அவ்வளவுதான். அமெரிக்காவிலும் ஒரு பாட்டி இருந்தார், எம்மா கேட்வுட். 1955இல், 67 வயதில், 3,000 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியே நடந்தார். தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை. சாமான் கடைக்காரர்களுக்குப் பிடிக்காத பாட்டி.

இவ்வளவும் குறைத்த பிறகுதான் பையைத் தொட வேண்டும். பலர் முதலில் போய் எடை குறைந்த பை வாங்குகிறார்கள், பிறகு அதற்குள் பழைய சாமானையே திணிக்கிறார்கள். உங்கள் 65 லீற்றர் பை 2.2 கிலோ. சாமான் குறைந்துவிட்டால் 35 லீற்றர் போதும். ஒரு கிலோவுக்குள் உள்ள சாதாரணப் பை யாரிடமாவது இரவலாகவே கிடைக்கும். இடமிருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது போடும். அதனால் சின்னப் பை நல்லது.

மழைக்கு வருவோம். எடை குறைப்பவர்கள் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் இது. மேற்குப் பக்கம், அதாவது ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும்; ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே நல்ல வெயில். ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, எல்ல, நேர்மாறு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை அங்கேதான் பெய்யும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் காய்ந்து கிடக்கும். ஆகவே நீங்கள் ஜனவரி கடைசியில் கொட்டகலையில் வெயிலோடு புறப்பட்டு, அப்புத்தளை தாண்டியதும் மழைக்குள் நுழையலாம். முதல் நான்கு நாள் வெயிலைப் பார்த்துவிட்டு மழைக்கோட்டை யாரிடமும் கொடுத்தனுப்பிவிடாதீர்கள்.

குடையா, மழைக்கோட்டா என்று எப்போதும் ஒரு சண்டை. தோட்டத்து வீதியில் குடை சுகம், வேர்க்காது. ஆனால் அப்புத்தளைக் கணவாய்க் காற்றில் குடை ஒரு நிமிடம் தாங்காது. பையையும் சேர்த்து மூடுகிற தொளதொள மழைப்போர்வை ஒன்று எடுங்கள், 300 கிராம் வரும். பைக்கு மேலே போடும் உறையை நான் நம்புவதில்லை, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே தடித்த பொலித்தீன் ஒன்றை விரித்து, அதற்குள் உடுப்பை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். நான் பாவிப்பது உரச் சாக்கின் உள்ளே வரும் பையை, நாலு தடவை கழுவி. மூன்று வருடமாகிறது, இன்னும் கிழியவில்லை. ஹோர்டன் சமவெளி வாசலில் சாப்பாடு சுற்றிய பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அதனால் தின்பண்டத்தை டப்பாவிலோ துணியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் போடுவது. உங்கள் தோல் சப்பாத்து ஒன்றரைக் கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். பையின் எடையில் இது சேராது, ஆனால் காலில் கட்டிய ஒரு கிலோ முதுகில் உள்ள ஒரு கிலோவைவிடப் பல மடங்கு களைக்க வைக்கும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டும் அல்லவா? தவிர, நனைந்த தோல் சப்பாத்து அடுத்த நாளும் ஈரம், அதற்கடுத்த நாளும் ஈரம். அடியில் நல்ல பிடியுள்ள ஓடும் சப்பாத்து போதும். மேஸ் (காலுறை) மூன்று சோடி. உடுப்பில் இது ஒன்றில்தான் நான் தாராளம். ஈர மேஸ்தான் கொப்புளத்துக்குக் காரணம். அட்டைக்கு, முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி மேஸ் ஒரு சோடி, அதன் மேலே சவர்க்காரம் தேய்த்துவிட்டால் ஏறாது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்க நேரமெடுக்கும், பயப்பட வேண்டாம்.

சாப்பாடு ஒன்றரைக் கிலோ எதற்கு? எட்டு நூடில்ஸ் பக்கெட் வைத்திருக்கிறீர்கள், அடுப்புப் போய்விட்டதால் அதுவும் போகட்டும். கடைகளில் பாண், பருப்பு, ரொட்டி, கட்டச்சம்பல், வடை, பனிஸ், பிளேன்டீ எல்லாம் கிடைக்கும். பையில் ஒரு பிடி கச்சான் கடலை, கொஞ்சம் பேரீச்சம்பழம், ஒரு பிஸ்கட் பக்கெட். அரைக் கிலோ. ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கணக்குப் பிழைக்கும். பொகவந்தலாவையிலிருந்து டயகமை, அங்கிருந்து ஹோர்டன் சமவெளிப் பக்கம் ஏறும் பகுதியில் கடையை நம்ப முடியாது. அந்த இரண்டு நாளுக்கும் காலையிலேயே தேங்காய் ரொட்டி சுட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போங்கள்.

தண்ணீர் ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ, அதில் எந்தச் சாமர்த்தியமும் செய்ய முடியாது. ஒன்றரை லீற்றர் போதும், நிறைய இடத்தில் நிரப்பலாம். ஆனால் தேயிலைக்குக் கீழே ஓடி வரும் கானில் (வடிகாலில்) மட்டும் வேண்டாம். கிருமியை மாத்திரை போட்டுக் கொல்லலாம், தேயிலைக்கு அடித்த மருந்தை மாத்திரை எடுக்காது. கடையில் பிளேன்டீ குடிக்கும்போதே கொதித்த தண்ணீர் கேட்டு வாங்குவதுதான் என் வழக்கம். அது சூடாக இருக்கும் என்பதால் இரும்புப் போத்தல் எடுக்காதீர்கள், எடை கூட. கொஞ்சம் ஆறவிட்டுச் சாதாரணப் போத்தலில் ஊற்றுங்கள்.

சில்லறைச் சாமானில் பெரிய சோப்புப் பெட்டி, 400 மில்லி ஷாம்பு, முழுப் பற்பசை. எல்லாவற்றுக்கும் சின்னது உண்டு. 20,000 mAh பவர் பேங்க் நானூறு கிராம். 10,000 அதில் பாதி, தங்குமிடத்தில் மின்சாரம் இருப்பதால் அதுவே தாராளம். கத்தி வேண்டாம். தலையில் கட்டும் டோர்ச் வேண்டும், ஆறரைக்கு இருட்டிவிடும். மருந்தில் குறைக்காதீர்கள்: பரசிட்டமோல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) இரண்டு பக்கெட், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், சித்தாலேப தைலம் சின்ன டப்பா, உங்கள் சொந்த மருந்துகள். எல்லாம் சேர்த்து 200 கிராம்கூட வராது. வரைபடத்தைப் போனில் இறக்கிவையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் மோசமாகச் சேதப்பட்டன. பழைய பதிவில் உள்ள குறுக்குப் பாதை இப்போது இருக்கிறதா என்று முந்தின கடையில் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பை 900 கிராம், சாரப் பை 400, உடுப்பும் மழைப்போர்வையும் ஒன்றரைக் கிலோ, சில்லறை ஒரு கிலோ. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் 3.8. அரைக் கிலோ சாப்பாடு, ஒன்றரைக் கிலோ தண்ணீர் சேர்த்தால் 5.8.

அப்படியும் முழங்கால் வலித்தால், அந்த நாள் மட்டும் பையை ஒரு திறீவீலரில் அடுத்த தங்குமிடத்துக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீரோடு நடங்கள். இதை ஏமாற்று என்று சொல்கிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். முழங்காலைத் தின்பது ஏற்றம் அல்ல, இறக்கம். தோட்டத்துக் கல் படிகளில் இறங்கும்போது கையில் ஒரு தடி இருந்தால் பெரிய உதவி. வாங்க வேண்டாம், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் இடத்தில் கேட்டால் நல்லதாகப் பார்த்து ஒன்று வெட்டித் தருவார்கள்.

போவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு ஊருக்கு வந்து, இந்தப் பையோடு தெமோதரையிலிருந்து ஹாலிஎல வரை ஒருதரம் நடந்து பாருங்கள், இரவு வீட்டில் அந்தச் சாரப் பைக்குள்ளேயே படுங்கள். குளிர்ந்தால் ஒரு பெனியன் கூட்டலாம். தொடாமலே திரும்பி வந்த சாமானை எடுத்துவிடலாம்.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் கடைசியாக "முழங்கால் பட்டி, 120 கிராம்" என்று இருக்கிறது. அதைப் பைக்குள் வைக்காதீர்கள் தம்பி, காலில் போடுங்கள்.